அக்கா கடையில் லினக்ஸ்

என் அக்கா தமிழ்த் தட்டச்சில் முதுநிலை தேறியவர். மேலூரில் தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில், பத்துக்குப் பத்து அறை ஒன்றில் டைப்பிங் கடை நடத்துகிறார். பட்டா மாறுதல் மனு, வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம், முத்திரைத்தாளில் வாடகை ஒப்பந்தம், தண்ணீர்க் குழாய் உடைந்ததற்குப் பஞ்சாயத்துக்கு ஒரு புகார், ஆடித் திருவிழா நோட்டீஸ். எதிரே இருப்பவர் சொல்லச் சொல்ல, அவர் முகத்தைப் பார்த்தபடியே அடித்துக்கொண்டு போவார். விசைகளைப் பார்க்க மாட்டார். 17 வயதில் இன்ஸ்டிடியூட்டில் 'யளனகப, யளனகப' என்று நாள்கணக்கில் அடித்துப் பழகிய விரல்கள் அவை.

அந்தக் கடைக் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நான் போட்டுக் கொடுத்தேன். அதன்பின் நடந்தவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

நான் மதுரையில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். 14 ஆண்டுகளாக லினக்ஸ் முன்னால்தான் என் பகல் கழிகிறது. "சாதாரண ஆள் இதைப் பயன்படுத்த முடியுமா?" என்று யார் கேட்டாலும், "தாராளமாக" என்று சொல்லி மடிக்கணினியைத் திறந்து காட்டுவேன். இப்போது அப்படி உடனே சொல்வதில்லை. "உங்கள் தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் யார்?" என்று முதலில் கேட்கிறேன். இந்தக் கேள்விக்கு நான் வந்து சேர நான்கு மாதம் ஆயிற்று.

அக்காவின் கணினி 2016இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி நினைவகம். மனு அடிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பதிந்துகொண்டால் இன்னும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், அவ்வளவுதான். விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால், இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அது ஏற்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அக்கா விசாரித்த கடையில் புதுக் கணினிக்கு 38,000 ரூபாய் சொன்னார்கள். பக்கத்துக்கு 30 ரூபாய் வாங்குகிற கடை அது. ஓடுகிற வண்டியை எடைக்குப் போடச் சொல்வது எனக்கு அநியாயமாகப் பட்டது.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். பையில் ஒரு பென்டிரைவ், அதில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பழைய கணினிகளுக்குப் பொருத்தமானது, 2029 வரை திருத்தங்கள் வரும். 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கருவும் (கெர்னல் என்கிற, இயங்குதளத்தின் மையப் பகுதி), 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகளும் சேர்ந்து வளர்ந்த குடும்பத்தில் ஒரு பிள்ளை இது. ஆண்ட்ராய்டு போன்களுக்கு அடியில் ஓடுவதும் அதே கருதான். "லினக்ஸா? எனக்கு வராது தம்பி" என்று அக்கா போனில் சொன்னபோது அவர் காதோடு ஒட்டியிருந்ததும் அதுதான்.

கோப்புகளையெல்லாம் வெளி வட்டில் நகல் எடுத்துக்கொண்டேன். பென்டிரைவிலிருந்தே மின்டை ஓட்டி, திரை, ஒலி, இணையம் எல்லாம் சரியாக வருகின்றனவா என்று பார்த்தேன். வட்டைத் தொடாமலே இப்படி ஓட்டிப் பார்க்க முடிவது இந்தக் குடும்பத்தின் பெரிய நல்ல குணம். பிறகு நிறுவினேன். பக்கத்து வீட்டில் கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மாவை வழித்து எடுப்பதற்குள் இங்கே வேலை முடிந்துவிட்டது.

திரை அக்காவை மிரட்டவில்லை. கீழே இடது மூலையில் பட்டியல், வலது மூலையில் கடிகாரம். ஃபயர்பாக்ஸ் அதே ஃபயர்பாக்ஸ். வாட்ஸ்அப்பில் வருகிற ஆதார் நகலை இறக்கி அச்சிடுகிற வழி அதேதான். வேர்டுக்குப் பதிலாக வந்த லிப்ரே ஆஃபீஸில் பொத்தான்கள் இடம் மாறியிருந்தன. இரண்டு நாளில் கண் பழகிவிட்டது. ஆனால் வேர்டு கோப்பாகச் சேமிக்கும்போதெல்லாம் 'இந்த வடிவத்திலேயே இருக்கட்டுமா, ஓடிஎஃப் வடிவத்துக்கு மாற்றட்டுமா' என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். ஒரு நாளைக்கு 40 முறை சேமிக்கிறவருக்கு அது சோற்றில் கல். இனிக் கேட்காதே என்று சொல்ல அதிலேயே ஒரு கட்டம் இருக்கிறது. ஆனால் எழுத்தைப் படிக்க நின்றால் வேலை கெடும் என்று அவர் ஒரு வாரம் கல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். என்னிடம் சொல்லவுமில்லை. இது அக்காவின் குறையல்ல. வேலை நடுவே ஒரு மென்பொருள் கேள்வி கேட்டால், வேலை செய்கிறவர் அதைத் தள்ளிவிட்டுத்தான் போவார். இதை வடிவமைக்கிறவர்கள் இப்படிப்பட்ட கடையில் ஒரு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தமிழ்தான் எனக்குக் கவலையாக இருந்தது. அக்காவிடம் 11 ஆண்டுக் கோப்புகள் இருந்தன, எல்லாம் பாமினி எழுத்துருவில். தட்டச்சுப் பொறியில் எந்த விரலுக்கு எந்த எழுத்தோ, ஏறக்குறைய அதே இடத்தில் பாமினியிலும் இருக்கும். அதனால்தான் தட்டச்சு படித்தவர்கள் அதை விடவே மாட்டார்கள். எழுத்துருக் கோப்பை லினக்ஸில் உரிய கோப்புறையில் நகலெடுத்துப் போட்டதும் பழைய மனுக்கள் எல்லாம் அச்சு மாறாமல் திறந்தன. இவ்வளவு எளிதாக முடியும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

எளிதாக முடிந்ததற்குக் காரணம் ஒரு பழைய தந்திரம். பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிகிறதே, கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை. ஆங்கில எம், அடுத்து கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில் எச். இந்த ஐந்துக்கும் ஆங்கில உருவத்துக்குப் பதிலாகத் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருக்கிறது எழுத்துரு. வேஷம் கலைந்தால், அதாவது அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குக் கோப்பு போனால், கிறுக்கல்தான் மிஞ்சும். 11 ஆண்டு மனுக்களில் கொட்டாம்பட்டி என்ற பெயர் எங்கெங்கே வருகிறது என்று தமிழில் தேடினால் ஒன்றுகூட அகப்படாது.

தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியெண்கள் வைத்திருக்கிற யூனிகோடுக்கு மாறலாம் என்று அக்காவைச் சம்மதிக்க வைத்தேன். லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலும், அதனோடு சேரும் எம்17என் தொகுப்பும் இருக்கின்றன. அந்தத் தொகுப்பில் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலியியல் முறை ஆகிய விசைமுறைகளோடு தட்டச்சு முறையும் இருக்கிறது. தட்டச்சு முறையைப் போட்டுக் கொடுத்து, "மேலூர் என்று அடியுங்கள் அக்கா" என்றேன். தட்டச்சில் பழகியவர்கள் கொம்பை முதலில் அடிப்பார்கள், எழுத்தைப் பிறகு. யூனிகோடு நேர்மாறு: நினைவகத்தில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. அக்கா ஏகாரக் கொம்பை அடித்ததும் திரையில் அது ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அக்காவின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. "உடைந்துவிட்டதா?" என்றார். "அடுத்த எழுத்தையும் அடியுங்கள்" என்றேன். மகரத்தை அடித்தார். வட்டம் மறைந்து 'மே' ஆயிற்று. லூ, ர். நின்று ஒருமுறை அழித்துவிட்டு, மறுபடி வேகமாக அடித்தார். மூன்றாம் முறை அடிக்கும்போது அவர் திரையைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய கோப்புகளின் வாசகத்தை ஓப்பன் தமிழ் என்ற நிரல் தொகுப்பைக் கொண்டு மாற்றினேன். அலங்காரம் போய்விட்டது, வாசகம் நின்றது. மாதிரி மனுக்களுக்கு அது போதும். இப்போது கோப்புகளுக்குள் தமிழில் தேடினால் கிடைக்கிறது. இதையெல்லாம் விண்டோஸிலேயே செய்திருக்கலாம்தான். யூனிகோடு லினக்ஸின் சொத்து அல்ல. ஆனாலும் வீடு மாற்றும்போதுதானே பரணில் கிடப்பது கண்ணில் படுகிறது. நம் ஊர்ப் பெயர் தாங்கி 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் முதலில் பழைய குறியேற்றத்தில் இருந்து, பிறகு யூனிகோடுக்கு வந்தவையே. சங்க நூல்களுக்கு நடந்தது என் அக்காவின் வாடகை ஒப்பந்தங்களுக்கும் நடந்தது என்பதில் எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

தமிழில் பட்டியல்களும் வரும் என்று ஆசையோடு மாற்றிக் காட்டினேன். அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஃபைல், பிரின்ட், சேவ் எல்லாம் அவருக்கு இங்கிலீஷ் சொற்களாக இல்லை, இடங்களாக இருக்கின்றன. அவருக்குத் தமிழ் தேவைப்படுவது அடிக்கிற வாசகத்தில், தேடலில், பிழைதிருத்தத்தில். அந்தப் பிழைதிருத்தி இன்னும் தேறவில்லை. 'வீட்டிலிருந்துதானே' என்று விகுதி மேல் விகுதியாக நாம் அடுக்கும்போது சொற்பட்டியலை நம்பிய நிரல் திணறிச் சிவப்புக் கோடு போடுகிறது. மெனுக்களை மொழிபெயர்க்கத் தன்னார்வலர்கள் போட்ட உழைப்பை நான் மதிக்கிறேன். அதில் பாதி உழைப்பாவது இந்தச் சிவப்புக் கோட்டின் பக்கம் திரும்பினால் அக்காவைப் போன்றவர்களுக்கு நாளும் உதவும்.

அச்சுப்பொறி எங்களைப் பாடாய்ப் படுத்தியது. ஜெராக்ஸ் கடைகளில் பரவலாகப் பார்க்கிற சின்னக் கறுப்பு லேசர் பொறிகளில் ஒன்று அது. உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைச் செய்த நிறுவனம், கணினி அதனோடு பேசுகிற மொழியைப் பூட்டி வைத்திருக்கிறது. லினக்ஸில் அச்சு வேலையைக் கப்ஸ் என்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது. பொதுத் தரத்தில் பேசுகிற புதிய பொறிகளைச் செருகினால் போதும், தானாகவே கண்டுபிடித்துவிடும். பூட்டிய மொழி பேசுகிற பொறிக்கோ நிறுவனம் தந்த இயக்கி (டிரைவர்) வேண்டும். தந்திருந்தார்கள், பல ஆண்டுகளுக்கு முந்தையது. ஒரு பக்கம் அச்சாகும், அடுத்த பக்கம் வராது. பொறியை அணைத்துப் போட்டால் மறுபடி ஒரு பக்கம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. இடையில் இருந்த வாரத்தில் அக்கா ஒவ்வொரு மனுவையும் பென்டிரைவில் ஏற்றி, நான்கு கடை தள்ளி இருக்கிற ஜெராக்ஸ் கடைக்கு நடந்தார். வாடிக்கையாளரை உட்கார வைத்துவிட்டு வெயிலில் நடந்தார்.

கடைசியில் அந்தப் பொறியை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு, லினக்ஸுக்குத் திறந்த இயக்கி உள்ள பழைய பொறி ஒன்றை 4,500 ரூபாய்க்கு வாங்கினோம். செருகியதும் அச்சடித்தது. மாறுவதற்கு முன்பே, பென்டிரைவிலிருந்து மின்டை ஓட்டிப் பார்த்த அன்றே, ஒரு பக்கம் அச்சடித்துப் பார்த்திருக்க வேண்டும். திரையையும் ஒலியையும் சோதித்தேன், அந்தக் கடை எதை வைத்துப் பிழைக்கிறதோ அதைச் சோதிக்கவில்லை. மாற நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இப்போது இதுதான்.

மாறக்கூடாதவர்களும் இருக்கிறார்கள். பக்கத்துக் கடையில் கைரேகைக் கருவி வைத்துச் சேவை செய்கிறவர் ஆசையாகக் கேட்டார். அவருடைய கருவிக்கு விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும்தான் மென்பொருள் கிடைக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டேலியில் கணக்கு எழுதுகிறவர், பேஜ்மேக்கரிலும் கோரல் டிராவிலும் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறவர் ஆகியோருக்கும் அதே பதில்தான்.

இனி ஜனவரியில் நடந்ததற்கு வருகிறேன்.

மின்டில் கீழ்ப்பட்டையில் ஒரு கேடயச் சின்னம் இருக்கும். அதில் புள்ளி தெரிந்தால் திருத்தங்கள் வந்திருக்கின்றன என்று பொருள். "அதைப் பார்த்தால் அழுத்திவிடுங்கள்" என்று அக்காவிடம் சொல்லி வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை கடை அடைக்கும் நேரத்தில் அழுத்தியிருக்கிறார். புதிய கரு இறங்கி நிறுவிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. யூபிஎஸ் பேட்டரி இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. அக்கா கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்குக் கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள், அதற்கு மேல் அசையவில்லை. கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்திருந்தார். மதுரையில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாள்; பாதைப் பிரச்சினைக்கு மனு. சனிக்கிழமையே அடித்து முடித்து, கடைசியாக ஒரு சர்வே எண்ணைச் சரிபார்த்து வருவதாகப் போனவர், அதை எழுதிய சீட்டோடு வந்திருந்தார். மற்ற எண்கள் எல்லாம் கணினிக்குள் இருந்தன.

அன்று எனக்குச் செய்முறைத் தேர்வு. போன் லாக்கரில். அக்கா ஏழு முறை அழைத்துவிட்டு, எதிர்த் தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார். அந்தத் தெருவிலும் அடுத்த மூன்று தெருக்களிலும் எந்தக் கணினி நின்றாலும் அவர்தான். பார்த்தார். "அக்கா, இது லினக்ஸ். எனக்கு இது தெரியாது. விண்டோஸ் போட்டுத் தருகிறேன், ஒரு மணி நேரம். ஆனால் உள்ளே இருப்பது போய்விடும்" என்று நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். தன் பென்டிரைவைச் செருகியும் விட்டார். "என் தம்பி வரட்டும்" என்று என்னைச் சொல்லி அக்கா தடுத்திருக்கிறார். பெரியவர் பன்னிரண்டு மணி வரை பார்த்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

ஒன்றேகாலுக்குப் போனை எடுத்தேன். அந்தத் தம்பியைப் பேசச் சொன்னேன். "திரும்பப் போடுங்கள். போட்டதும் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடியுங்கள். பட்டியல் வருகிறதா? இரண்டாவது வரிக்குள் போங்கள். எண்கள் வரிசையாக இருக்கும், மேலே இருப்பது புதிய கரு. அதை விட்டுவிட்டுக் கீழே இருக்கிற பழையதைத் தேர்ந்தெடுங்கள்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, பின்னால் அக்கா ஏதோ சொல்கிற குரல். "வந்துவிட்டது அண்ணே" என்றார் தம்பி. பாதியில் நின்ற நிறுவலை முடிக்க ஒரே ஒரு வரிக் கட்டளை. எழுத்து எழுத்தாகச் சொன்னேன். மொத்தம் ஆறு நிமிடம். "இவ்வளவுதானா அண்ணே?" என்றார்.

இவ்வளவுதான். லினக்ஸ் தன் பழைய கருவைப் பத்திரமாக வைத்திருந்தது. இப்படிப்பட்ட நாளுக்காகவே அந்த ஏற்பாடு. ஆனால் ஷிஃப்ட்டை அழுத்தத் தெரிந்த ஒரு கை மேலூரில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் ஒரு பெரியவருக்கு ஒரு வாரம் போயிற்று. அடுத்த திங்கட்கிழமைதான் மனு கொடுத்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இயங்குதளம் நன்றாக இருக்கிறதா என்று மட்டுமே இத்தனை நாளும் பார்த்திருக்கிறேன். நான் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன், அக்கா அங்கே தனியாக இருக்கிறார் என்பதைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

எக்ஸ்எல் வண்டி ஓடாத கிராமம் நம் பக்கத்தில் உண்டா? பின்னால் நெல் மூட்டை, முன்னால் பால் கேன் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டி அப்படிப்பட்ட வண்டி என்பது பாதிக் காரணம். எந்த ஊர்ப் புளியமரத்தடியிலும் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒருவர் ஸ்பானரோடு உட்கார்ந்திருக்கிறார் என்பது மீதி. விண்டோஸ் நம் ஊர்களில் வேரூன்றியதும் இப்படித்தான். 300 ரூபாய் கொடுத்தால் 'ஓஎஸ் போட்டுத் தருகிற' ஒரு தம்பி தெருவுக்குத் தெரு இருக்கிறார். அந்தத் தம்பியின் கையில் இல்லாத எதுவும், அது எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், தாலுகா அலுவலகத் தெருவில் பயன்பாட்டுக்கு வராது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்கே போய் உட்கார்ந்தேன். பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னார். பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த இலவச மடிக்கணினி அவருக்கும் கிடைத்திருக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. "போட்டதும் இரண்டு பெயர் வரும் அண்ணே. மற்றதை நாங்கள் தொட்டதே இல்லை. படம் வைக்க இடம் வேண்டும் என்று அதை அழித்தேன். பிறகு பையன்கள் எல்லாரும் என்னிடம் கொண்டுவந்து அழிக்கச் சொன்னார்கள். அப்படித்தான் எனக்கு இந்தத் தொழிலே வந்தது" என்றார்.

எனக்கு நெஞ்சு அடைத்தது. லட்சக்கணக்கான வீடுகளுக்குள் லினக்ஸ் ஒரு முறை வந்து போயிருக்கிறது. அந்தத் தம்பி படித்த பள்ளியில் அதைத் திறந்து காட்ட ஓர் ஆசிரியர் இல்லை. குமுளி தாண்டினால் கேரளம். அங்கே ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில், கருவிகள் போவதற்கு முன்பே ஆசிரியர்களைத் தயார் செய்தார்கள்; பாடமும் தேர்வும் கட்டற்ற மென்பொருளிலேயே நடந்தன. அங்கே அரசுப் பள்ளியில் படித்த பையனுக்கு லினக்ஸ் என்பது பள்ளிக்கூடத்து பெஞ்சு மாதிரி பழகிய பொருள். ஒரே மலை, இரண்டு சரிவு.

அந்தத் தம்பிக்கு நான் சொல்லிக் கொடுத்தது அதிகமில்லை. பென்டிரைவில் ஓட்டிப் பார்ப்பது. அச்சுப்பொறியை முதலில் சோதிப்பது. பழைய கருவுக்குப் போவது. டைம்ஷிஃப்ட் என்ற கருவியால் கணினியை முந்தைய நாள் நிலைக்குக் கொண்டுபோவது. யூபிஎஸ் பேட்டரியைப் பார்க்காமல் யாருக்கும் போட்டுக் கொடுக்காமல் இருப்பது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பிடித்துக்கொண்டார். கையில் தொழில் இருக்கிறவருக்குப் புதிய இயங்குதளம் என்பது இன்னொரு மாடல் வண்டி, அவ்வளவுதான்.

மின்ட் போட்டுக் கொடுக்க அவர் 300 ரூபாய் வாங்குகிறார். நண்பர் ஒருவர் இதைக் கேட்டு வருத்தப்பட்டார்: இலவச மென்பொருளுக்குக் காசா? எனக்கு வருத்தமில்லை. தமிழில் நமக்கு 'கட்டற்ற' என்று அருமையான ஒரு சொல் வாய்த்திருக்கிறது. பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், இன்னொருவருக்குக் கொடுக்கலாம், கேட்பார் இல்லை என்பதுதான் அதன் பொருள். விலை அதில் வரவே இல்லை. இலவசமாகச் செய்த நான் திங்கட்கிழமை காலை போன் எடுக்கவில்லை. காசு வாங்கியவர் எடுப்பார். எடுக்காவிட்டால் அக்கா கடை வாசலில் போய் நின்று கேட்பார். அந்த உரிமை அக்காவுக்கு வேண்டும். தன்னார்வலர்கள் வகுப்பெடுப்பதும் விழா நடத்துவதும் தேவைதான். ஆனால் அவர்கள் ஒவ்வோர் ஊரிலும் முதலில் தேடிப் போக வேண்டியது கல்லூரி மாணவர்களை அல்ல, பழுது பார்க்கும் கடைகளை என்று எனக்கு உறுதியாகப் படுகிறது.

இதுவரை அந்தத் தம்பி பதினொரு கணினிகளில் மின்ட் போட்டிருக்கிறார். இரண்டு பேர் விண்டோஸுக்கே திரும்பிவிட்டார்கள். ஒருவருக்கு ஒரு விளையாட்டு ஓடவில்லை, இன்னொருவர் காரணம் சொல்லவில்லை. போன வாரம் ஒரு வைஃபை கருவி வேலை செய்யவில்லை என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. மறுநாள் அவரே கண்டுபிடித்து எனக்குச் சொன்னார்.

அவருக்கு இப்போது இருக்கிற சிக்கல் வேறு. மேலூரிலும் சுற்றிலும் டைப்பிங் கடை வைத்திருக்கிற இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் தட்டச்சு படித்தவர்கள், எல்லாருக்கும் அந்த விசைமுறைதான் வேண்டும். போட்டுக் கொடுத்தால் சரியாக வேலை செய்கிறதா என்று அவருக்குச் சோதிக்கத் தெரியவில்லை, ஏனென்றால் அவருக்குத் தமிழில் அடிக்கவே தெரியாது. போனில் வாயால் சொல்லியே எழுதிப் பழகிவிட்டார்.

நேற்று மேலூர் போயிருந்தேன். வெயில் தாழ்ந்த நேரம், கடையில் கூட்டமில்லை. அக்கா தன் நாற்காலியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "சுண்டுவிரலை யகரத்தில் வை. விசையைப் பார்க்காதே, திரையைப் பார்" என்று அதட்டினார். தம்பி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தினார். திரையில் வந்தது: யளனகப. யளனகப. யளனபக.

"மறுபடி" என்றார் அக்கா.